மீன் தொட்டியில் காற்று நின்றுவிட்டால்...



கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பது துரை பங்களாவுக்கும் பட்டணத்துப் பணக்காரர் வீட்டுக்கும் மட்டுமே உரியது என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. இன்று லயத்து வீடானாலும் சரி, தாமான் வீடானாலும் சரி, தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டடித் தொட்டி ஒன்று இருக்கிறது. இரவுச் சந்தையில் பிளாஸ்டிக் பையில் தொங்கிய தங்கமீனைக் கேட்டுப் பிள்ளை அடம்பிடித்திருக்கும். அப்பாவும் மனமிரங்கி வாங்கித் தந்திருப்பார். வெயிலில் வேலை முடித்துக் களைத்து வருகிறவருக்கு, அந்தத் தொட்டியின் முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்தாலே உடம்பு நோவு பாதி குறைந்தாற்போல் இருக்கும். நல்ல பழக்கந்தான். நான் குறை சொல்லவில்லை.

ஆனால், தொட்டி வாங்கும்போது அதனோடு மின்சாரத்தையும் தண்ணீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறோம் என்பதை நம்மில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

ஜொகூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் எழுதியிருந்தார். இரவு பெய்த மழையில் மின்சாரம் போயிற்றாம். காற்று பம்பு நின்றது. விடிவதற்குள் மகன் வளர்த்த ஒன்பது தங்கமீன்களில் ஏழு மிதந்துவிட்டன. மீதி இரண்டையாவது காப்பாற்றலாமென்று கணவர் வெறுங்காலோடு ஈரத்தரையில் நின்று தொட்டிக்குள் கைவிட்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து மின்சாரம் திரும்ப வந்தது. அவரைத் தூக்கி எறிந்துவிட்டது. நல்லவேளை, உயிருக்கு ஆபத்தில்லை. "மீன் போனால் வேறு மீன் வாங்கலாம், இவர் போயிருந்தால் நான் எங்கே போவேன்?" என்று அந்தத் தாயார் கேட்டிருந்தார். அந்தக் கேள்விக்காகவே இந்த மாதப் பகுதியை முழுவதும் இதற்கே ஒதுக்கினேன்.

மீன் எப்படி மூச்சு விடுகிறது?

முதலில் காரணத்தைத் தெரிந்துகொள்வோம். காரணம் தெரிந்தால் கை தானாகவே சரியானதைச் செய்யும்.

நாம் சுவாசிக்கும் காற்று ஒரு லிட்டரில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் பிராணவாயு இருக்கிறது. நம் நாட்டு வெப்பத்தில், அதாவது 30 பாகையில், ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்து நிற்கக்கூடிய பிராணவாயு சுமார் 7.5 மில்லிகிராம்தான். குளிர்ந்த நாட்டில் 20 பாகைத் தண்ணீரில் 9 மில்லிகிராம் நிற்கும். தண்ணீர் சூடாக ஆகப் பிராணவாயு குறையும்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியில் பத்து அங்குலத்துக்குத் தண்ணீர் விட்டால் சுமார் 45 லிட்டர் பிடிக்கும். அவ்வளவு தண்ணீரிலும் கரைந்திருக்கும் பிராணவாயு மொத்தம், ஒன்றேகால் லிட்டர் காற்றில் இருக்கும் அளவுதான். ஒரு பெரிய போத்தல் காற்று! அதைத்தான் ஒன்பது தங்கமீன்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. தொடர்ந்து புதிய பிராணவாயு கரையாவிட்டால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அந்தப் புதிய பிராணவாயு எங்கிருந்து வருகிறது? பம்பு விடும் குமிழிகளிலிருந்து என்றுதான் பிள்ளைகள் சொல்வார்கள். குமிழி கொடுப்பது கொஞ்சந்தான். குமிழிகள் மேலேறும்போது அடித்தண்ணீரையும் மேலே இழுத்து வந்து, நீர்மட்டத்தைக் கலக்கி விடுகின்றன. அந்த மேல்மட்டத்தில்தான் காற்றும் நீரும் கலக்கின்றன. ஆகவே, பம்பு நின்றால் நாம் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று: மேல்மட்டத்தைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

எல்லா மீனுக்கும் இந்த அவசரம் இல்லை. பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்தில் பல தோட்டங்களில் மாலையில் சில மணி நேரம் மட்டுமே ஜெனரேட்டர் ஓடும். அப்போதும் பிள்ளைகள் போத்தலில் சண்டை மீன் வளர்த்தார்கள். சண்டை மீன், செப்பாட், புயு ஆகியவற்றுக்குத் தலையில் தனி உறுப்பு ஒன்று உண்டு. மேலே வந்து காற்றை நேராக விழுங்கிச் சுவாசிக்கும். ஹாருவான் என்னும் விராலும், கெலி என்னும் கெளுத்தியும் அப்படியே. தங்கமீன், கொய், கப்பி, கெண்டை வகைகளுக்கு அந்த வசதி இல்லை. அவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், "மூச்சு முட்டுகிறது" என்று உங்களிடம் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மனிதர், பிறகு மீன்

மின்சாரம் போனதும் முதல் வேலை, தொட்டியைச் சேர்ந்த எல்லாச் சுவிட்சுகளையும் அடைத்து, பிளக்குகளைப் பிடுங்குவது. கை உலர்ந்திருக்க வேண்டும். காலில் ரப்பர் செருப்பு இருக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கும் வரை தண்ணீரில் கைவைக்கக் கூடாது. மின்சாரம் எந்த நொடியில் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது.

1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் நாள் மாலை தீபகற்ப மலேசியா முழுவதும் மின்சாரம் நின்றபோது, பல மணி நேரம் இருட்டில் இருந்தோம். 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள் பின்னிரவில் சிங்கப்பூரில் பல வட்டாரங்களில் மின்சாரம் போயிற்று. 38 நிமிடத்தில் எல்லா இடத்துக்கும் திரும்பிவிட்டது. அரை மணியா, அரை நாளா என்பதை நாம் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே, பிளக்கைப் பிடுங்கிவிட்டால் மனம் நிம்மதி.

இன்னொரு ஆபத்தும் உண்டு. காற்று பம்பை நீர்மட்டத்துக்குக் கீழே, மேசையடியில் வைத்திருப்பவர்கள் பலர். பம்பு நின்றதும் சில வேளைகளில் தண்ணீர் குழாய் வழியாகவே கீழே இறங்கும். பம்புக்குள் புகும், தரையில் பரவும், நீட்டுக் கம்பியில் இறங்கும். மின்சாரம் திரும்பும்போது அது எமனாகிவிடும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பம்பை நீர்மட்டத்துக்கு மேலே ஒரு பலகையில் வைப்பது. மற்றது, காற்றுக் குழாயின் நடுவில் தண்ணீரைத் திரும்ப விடாத சிறு அடைப்பான் ஒன்றைப் பொருத்துவது. மீன் கடையில் சில வெள்ளிக்குள் கிடைக்கும்.

மின்கம்பியும் சுவிட்சுக்கு நேராக இறங்கக் கூடாது. சுவிட்சை விடத் தாழ்வாக ஒரு தொங்கல் விட்டு, பிறகு மேலேறிச் செல்ல வேண்டும். கம்பி வழியே ஓடிவரும் நீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

சிலர் சொல்வார்கள்: "தண்ணீரில் கரண்டு இருந்தால் மீன் செத்திருக்குமே! மீன் நன்றாக நீந்துகிறது, பயமில்லை." இது பெரிய தவறு. உயரக் கம்பியில் காகம் உட்கார்ந்திருக்கிறதே, அதற்கு ஏதாவது ஆகிறதா? அது தரையைத் தொடவில்லை. தொட்டிக்குள் நீந்தும் மீனும் அதைப் போலத்தான். நாமோ தரையில் நின்றுகொண்டு தண்ணீரைத் தொடுகிறோம். மின்சாரம் நம் உடல் வழியாகத் தரைக்கு இறங்குகிறது. மீன் உயிரோடு இருப்பது நமக்குப் பாதுகாப்புச் சீட்டு ஆகாது. தண்ணீரைத் தொட்டதும் சுருக்கென்று இழுத்தால், கையை எடுத்துவிட்டு மெயின் சுவிட்சை அடையுங்கள்.

யாராவது மின்சாரத்தில் மாட்டிக்கொண்டால் அவரைத் தொடாதீர்கள். மெயின் சுவிட்சை அடையுங்கள். அது எட்டவில்லையென்றால், உலர்ந்த இடத்தில் ரப்பர் செருப்போடு நின்று, உலர்ந்த துடைப்பக் கட்டையால் அவரைத் தள்ளிவிடுங்கள். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 எண்ணில் அவசர வண்டியை அழையுங்கள். இந்த எண்ணைப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் செய்து வையுங்கள்.

உங்கள் வீட்டில் மட்டும் இருட்டா?

பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறது, உங்கள் வீட்டில் மட்டும் இருட்டு என்றால், பெரும்பாலும் இ.எல்.சி.பி. கருவி விழுந்திருக்கும். எங்கோ மின்சாரம் கசிகிறது, அதைக் கண்டு அந்தக் கருவி உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. இடி இடித்தாலும் சில வேளைகளில் விழும்.

பதறிய காரியம் சிதறும் என்பார்கள். மீண்டும் மீண்டும் மேலே தூக்கிப் பார்க்காதீர்கள். தொட்டியின் பிளக்குகளை எல்லாம் கழற்றிவிட்டுக் கருவியைத் தூக்குங்கள். நின்றால், காற்று பம்பு, வடிகட்டி, விளக்கு என்று ஒவ்வொன்றாகப் பொருத்துங்கள். எதைப் பொருத்தும்போது விழுகிறதோ அதுதான் குற்றவாளி. அந்தச் சாமானை மறுபடி தண்ணீரில் போடாதீர்கள். எதுவும் பொருத்தாத நிலையிலும் விழுந்தால் வயர்மேனை அழைப்பதைத் தவிர வேறு வழியில்லை. கருவி விழாதபடி கட்டி வைப்பது உயிரோடு விளையாடுவது.

அந்தக் கருவியில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அழுத்தினால் விழ வேண்டும். விழாவிட்டால் கருவி பழுது. சம்பள நாளன்று அழுத்துவது என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

கையே பம்பு

சரி, பிளக்கைப் பிடுங்கியாயிற்று. இனி மீனைப் பார்ப்போம்.

ஒரு சுத்தமான குவளையை எடுத்துத் தொட்டித் தண்ணீரையே மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் ஓய்வு கொடுங்கள். மீன் மேலே வந்து வாய் பிளந்தால் உடனே மறுபடி ஊற்றுங்கள். பிள்ளைகள் முறைபோட்டுக்கொண்டு செய்யலாம். இரவு முழுவதும் ஒருவரே விழித்திருக்க வேண்டாம். காலையில் பெரட்டுக்குப் போக வேண்டியவர் தூங்கட்டும்.

மூடியைத் திறந்து வையுங்கள். மீன் துள்ளி விழாமல் மேலே ஒரு கொசுவலைத் துணியைப் போடலாம். தீனி போடாதீர்கள். "பாவம், பயந்து போயிருக்கும், கொஞ்சம் சாப்பிடட்டும்" என்பது நம் தாய்மனம். தின்ற மீனுக்கு அதிகப் பிராணவாயு வேண்டும். தின்னாத தீனி அழுகி, அதுவும் பிராணவாயுவைத் தின்னும். நன்கு வளர்ந்த மீன் சில நாள் பட்டினி தாங்கும், மூச்சைத்தான் தாங்காது. தொட்டியில் செடி இருந்தால் காற்றைச் செடி பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள். இருட்டில் செடியும் பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும்.

பேட்டரியில் ஓடும் சிறு காற்று பம்பு ஒன்று வாங்கி வைப்பது நல்லது. தூண்டில் போடுகிறவர்கள் கொண்டுபோவதைப் பார்த்திருப்பீர்கள். பெரிய டார்ச் பேட்டரியில் ஓடுவதும் உண்டு, கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பேங்கில் ஓடுவதும் உண்டு. பேட்டரியைப் பம்புக்குள் போட்டே வைக்காதீர்கள், கசிந்து கெடுத்துவிடும். பக்கத்தில் தனியாக வையுங்கள்.

பம்பு உறுமுகிறது, காற்று வரவில்லை

மின்சாரம் இருக்கிறது, பம்பும் உறுமுகிறது, குமிழி மட்டும் வரவில்லை. என்ன செய்வது? குழாயைப் பம்பிலிருந்து கழற்றி, பம்பின் மூக்கில் விரலை வைத்துப் பாருங்கள். காற்று பலமாக வந்தால் பம்பு நல்லது, குழாயிலோ காற்றுக்கல்லிலோ அடைப்பு. கல்லைக் கழற்றிவிட்டு வெறுங்குழாயையே தண்ணீரில் விடுங்கள். அன்றைக்கு அது போதும், புதுக்கல் நாளைக்கு வாங்கலாம்.

மூக்கிலேயே காற்று வரவில்லையென்றால், உள்ளே இருக்கும் ரப்பர்ச் சவ்வு கிழிந்திருக்கும். மின்சாரத்தால் ஒரு சிறு கை அதிர, அதனோடு அந்தச் சவ்வும் துருத்திபோல் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. அவ்வளவுதான் அந்தப் பெட்டியின் இரகசியம். ரப்பரைப் பற்றி நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டாம். நாளானால் காய்ந்து வெடிக்கும். பல பம்புகளுக்கு மாற்றுச் சவ்வு தனியாகக் கிடைக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நான்கு திருகாணியைக் கழற்றினால் மாற்றிவிடலாம்.

வடிகட்டியில் வாழும் உயிர்கள்

மீன் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அம்மோனியா என்றால் பால்வெட்டிய குடும்பங்களுக்குத் தெரியும். பால் உறையாதிருக்க ஊற்றுவார்களே, மூக்கைத் துளைக்கும் அந்த மருந்துதான். அதன் நெடியே நம்மால் தாங்க முடியாதபோது, அதிலேயே மூழ்கியிருக்கும் மீன் என்ன பாடுபடும்? வடிகட்டிப் பஞ்சில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தாம் அந்த அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகக் கெடுதி செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவற்றுக்கும் மூச்சு வேண்டும்.

வடிகட்டி சில மணி நேரம் நின்றுவிட்டால், முக்கியமாக மூடிய டப்பா வகை வடிகட்டிகளில், உள்ளிருக்கும் நீர் கெட்டு நாறத் தொடங்கும். மின்சாரம் வந்த மகிழ்ச்சியில் அப்படியே போட்டுவிட்டால், அந்தக் கெட்ட நீர் முழுவதும் தொட்டிக்குள் பாயும். மூச்சுத்திணறலில் தப்பிய மீன் நஞ்சில் போய்விடும். ஆகவே, முதலில் வடிகட்டியைத் திறந்து பழைய நீரைக் கொட்டுங்கள். பஞ்சை ஒரு வாளித் தொட்டித் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். குழாய் நீரில் அலசினால் அதிலுள்ள குளோரின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். சவர்க்காரம் கூடவே கூடாது. மின்சாரம் நெடுநேரம் வராது என்று தெரிந்தால், பஞ்சை முன்கூட்டியே எடுத்துத் தொட்டி நீரில் மிதக்க விடலாம்.

தொட்டி விளிம்பில் தொங்கும் வடிகட்டி, மின்சாரம் வந்ததும் சில வேளைகளில் தண்ணீரை இழுக்காமல் வெறுமனே ஓடிச் சூடாகும். பிளக்கைப் பிடுங்கி, ஒரு குவளை நீரை அதற்குள் ஊற்றிவிட்டு மறுபடி பொருத்துங்கள்.

அடுத்த ஒரு வாரம் தீனியைப் பாதியாகக் குறையுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரை ஒருநாள் முழுவதும் பிடித்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும். சிங்கப்பூர்க் குழாய்நீரில் குளோரமைன் சேர்க்கிறார்கள். அது பிடித்து வைப்பதால் போகாது, மீன் கடையில் விற்கும் குளோரின் முறிப்பு மருந்தைச் சொன்ன அளவில் விட வேண்டும். பிடித்து வைக்கும் வாளிக்குத் துணி கட்டி மூடுங்கள். ஏடிஸ் கொசு தெளிந்த நீரில்தான் முட்டையிடும். சுகாதார அதிகாரிகள் வந்து அபராதம் போட்டால் மீனையா காட்டுவீர்கள்?

ஒன்றைத் திரும்பவும் சொல்கிறேன். பால் வாளி, மருந்தடிக்கும் வாளி, துணி வெளுக்கும் வாளி மூன்றும் மீனுக்கு ஆகாது. மீனுக்கென்று ஒரு வாளி தனியாக வையுங்கள்.

தொட்டி ஒழுகினால்

காலையில் எழுந்து பார்த்தால் தரை ஈரம். உடனே பிளக்குகளைப் பிடுங்குங்கள். தொட்டியைத் தண்ணீரோடு தூக்க முயலாதீர்கள். 45 லிட்டர் என்றால் 45 கிலோ, கண்ணாடியும் கல்லும் வேறு. தூக்கும்போது கண்ணாடி விட்டுக்கொடுத்தால் கையும் காலும் கிழியும். தொட்டித் தண்ணீரையே பெரிய பேசினிலோ சுத்தமான தோம்பிலோ மொண்டு, மீனையும் வடிகட்டிப் பஞ்சையும் அதில் விட்டுக் காற்றுக் குழாயைப் போடுங்கள். அதே தண்ணீர் என்பதால் மீனுக்கு அதிர்ச்சி இல்லை.

கண்ணாடி விரிந்திருந்தால் புதுத்தொட்டிதான். மூலையில் பசை விட்டிருந்தால் சரிசெய்யலாம். பழைய பசையின்மேல் புதுப்பசை ஒட்டாது. கசிந்த இடத்தில் பழையதைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவைத்து, மீன் தொட்டிக்கென்றே விற்கும் சிலிக்கோன் பசையை உட்புறம் பூச வேண்டும். பூஞ்சை பிடிக்காத மருந்து கலந்த குளியலறைப் பசை மீனைக் கொல்லும். இரண்டு நாள் காய்ந்து, புளித்த நெடி முழுவதும் அடங்கிய பிறகே தண்ணீர் விடுங்கள்.

புகையடிக்கும் நாள்

தோட்டப்புறத்து மீன்களுக்கு இன்னொரு எதிரி, கொசுப்புகை. கொசு மருந்துகளில் பல மனிதரை விட மீனுக்குப் பன்மடங்கு கொடியவை. காற்று பம்பு அறையிலுள்ள காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. அறையில் புகை இருந்தால் புகையையே தள்ளும். வெளியே புகையடிக்கும் சத்தம் கேட்டதும் பம்பை நிறுத்தித் தொட்டியை மூடுங்கள். புகை கலைந்து அரைமணி கழித்துத் திறந்தால் போதும். கொசுவர்த்திச் சுருளையும் மருந்து டப்பாவையும் தொட்டியிருக்கும் அறையில் பயன்படுத்தாதீர்கள்.

ஒத்திகை பாருங்கள்

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை பத்தே நிமிடம் ஒதுக்குங்கள். பிள்ளைகளை அழைத்து, "இப்போது மின்சாரம் போய்விட்டது, என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். செருப்பு, உலர்ந்த கை, பிளக், மூடி, குவளை என்ற வரிசையில் அவர்களே செய்து காட்டட்டும். பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பிளக்கைத் தொடவே கூடாது, பெரியவரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். தொட்டிக்கு அருகில் டார்ச் விளக்கு, குவளை, பேட்டரிப் பம்பு, மீன் வாளி நான்கும் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

மீன்கள் நெரிசலாக இருந்தால் சிலவற்றை நண்பருக்குக் கொடுத்துவிடுங்கள். இரண்டடித் தொட்டியில் இரண்டு தங்கமீன் இருந்தால், மின்சாரம் போன இரவில் உங்களுக்குச் சிரமம் குறைவு. ஒன்பது இருந்தால் உறக்கமே இல்லை. எதைக் காப்பாற்ற நம்மால் முடியுமோ அவ்வளவையே வளர்ப்பது என்பதும் பிள்ளைகள் அந்தத் தொட்டியிடம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடந்தான்.

அடுத்த இதழில், கூரையில் விழும் மழைநீரைச் சுத்தமாகப் பிடித்து வைப்பது எப்படி என்று பார்ப்போம்.